கேள்வி பதில்: கொரியாவும் பண்ருட்டி முந்திரியும்

கேள்வி: சார், தென் கொரியா ஏற்றுமதி பண்ணித்தான் மேல வந்துச்சுன்னு காலேஜ்ல சொல்றாங்க. எங்க ஊர் முந்திரியும் காலங்காலமா கப்பல் ஏறுது, நாங்க மட்டும் ஏன் அப்படியே இருக்கோம்?
– கல்லூரி மாணவர், பண்ருட்டி

பதில்: நல்லா மடக்குறீங்க தம்பி. வெளிய வித்தாலே முன்னேறிடலாம்னா புதுச்சேரி எப்பவோ சிங்கப்பூர் ஆயிருக்கணுமே. பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்க சாயம் போட்ட நீலத்துணி செனகல் வரைக்கும் போச்சு, அங்க அதைக் குடுத்து கருவேலங்கோந்து வாங்கினாங்க, லாபம் வியாபாரிக்கு, நெசவாளி தறிக்குழியிலயே கெடந்தான்.

கொரியாக்காரன் பண்ணது வேற. 1961ல பார்க் சுங் ஹீன்னு ஒரு ராணுவ ஜெனரல் ஆட்சியைப் புடிச்சதும் ஏற்றுமதி பண்றவனுக்கு கம்மி வட்டியில கடன், மூலப்பொருள் இறக்குமதிக்கு வரி கிடையாதுன்னு சலுகையா குடுத்தாரு, ஆனா சும்மா இல்ல, டார்கெட் உண்டு, மாசாமாசம் கூட்டம் போட்டு அவரே உக்காந்து கணக்கு கேப்பாரு, சரக்கு வெளிய போகலன்னா சலுகையும் போச்சு. விக், பிளைவுட், துணின்னு ஆரம்பிச்சு இரும்பு, கப்பல்னு ஏறிட்டாங்க. 1964ல 10 கோடி டாலர் ஏற்றுமதி, 1977ல 1,000 கோடி! (கூலி கம்மி, யூனியன்னு வாயைத் தொறந்தா ஜெயிலு. இதையும் காலேஜ்ல சொன்னாங்களா?)

நாமளும் 1965லயே குஜராத் காண்ட்லா துறைமுகத்துல ஏற்றுமதி மண்டலம் தொறந்தோம், ஆசியாவுலயே முதல்ல. ஆனா உள்ளூர்ல விக்கிறவனுக்கு போட்டி வராம லைசென்ஸும் இறக்குமதி வரியும் காவல் நின்னுச்சு, அவன் எதுக்கு வெளிய போய் அடிபடணும்?

இப்ப உங்க முந்திரிக்கு வருவோம். பருப்பு ஏற்றுமதியில வியட்நாம் 2006லயே நம்மள தாண்டிடுச்சு. அவனும் ஆப்பிரிக்கா கொட்டையைத்தான் வாங்குறான், நாமளும் அங்கேருந்துதான் வாங்குறோம். வித்தியாசம் உடைக்கிறதுல இருக்கு, அவன் மெஷின் போட்டுட்டான், இங்க நெறைய எடத்துல அக்காமாருங்க கையில சாம்பலைத் தடவிக்கிட்டு, கொட்டைத் தோலோட பாலு பட்டு விரல் கருத்துப்போய் உடைக்கிறாங்க. அதைவிட இன்னொண்ணு, உலகத்துலயே அதிகமா முந்திரி திங்குறது நம்ம நாடுதான், காஜு கத்லிக்கே நல்ல ரேட்டு கெடைக்கிறப்ப ஃபாரின் ஆர்டருக்கு யாரு அலைவா சொல்லுங்க? என்னைக் கேட்டா அது ஒண்ணும் தப்பில்ல, ஆனா அதை கொரியாவோட சேர்த்துப் பேசக்கூடாது.

கேள்வி: அமெரிக்காக்காரன் வரி போட்டா எங்க குட்டையில இறால் ரேட் ஏன் விழுது?
– இறால் பண்ணை வெச்சிருக்கவர், கிள்ளை

பதில்: அண்ணே, நம்ம இறாலுக்குப் பெரிய கஸ்டமரே அவன்தான். 2025 ஆகஸ்ட்ல வரியை 50 சதவீதம் ஆக்கினப்ப நமக்குப் போட்டியா இறால் விக்கிற ஈக்வடார்காரனுக்கு அதைவிட ரொம்பக் கம்மி, அப்ப நம்ம கம்பெனிக்காரங்க அந்த நஷ்டத்தை எங்க இறக்குவாங்க, உங்க தலையிலதான். ஐரோப்பா பக்கம் ஆர்டர் புடிக்கலாம், ஆனா அங்க ஆன்டிபயாட்டிக் டெஸ்ட் ரொம்பக் கறார், குட்டையில மருந்து ஊத்துறப்பவே யோசிச்சுக்கங்க.