சிவப்புக்கு ஒரு நிமிடம், மஞ்சளுக்கு ஒரு வாரம்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டாஷ்போர்டில் எரியும் விளக்குகளைப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து குடும்பத்தோடு காரில் இறங்கினோம். எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். வளைவுகளில் மட்டும் எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு மினுக்கிவிட்டு அணைந்தது. "சென்சார் கோளாறுதான்" என்றார் என் கணவர். பிறகு அவருக்கே பயம் வந்து, இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வத்தலக்குண்டு பக்கம் வரை இறக்கிவிட்டார். அவர் செய்தது சரியா? – வாசகி, மதுரை

பதில்: சகோதரி, எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் அவர் செய்த இரண்டுமே தவறு. இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

பெடலை லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தால். இன்ஜினை அணைத்த பிறகு, மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் இரண்டு மூன்று முறை பெடல் வழக்கம்போல் அமுங்கும். அப்புறம் இறுகிவிடும், முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி கொஞ்சமாவது கட்டுப்படும். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும். யாராவது சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். கியரில் இறங்கும்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்குமே, நியூட்ரலில் அதுவும் இல்லை. மலைப்பாதையில் எந்தக் காரணத்துக்காகவும் இப்படி இறங்கக் கூடாது. தயவுசெய்து இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இனி விளக்குக்கு வருகிறேன். அது ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. டயருக்குக் காற்று பிடிக்கும்போது 33 என்று சொல்கிறோமே, அதே பி.எஸ்.ஐ. கணக்கில் சொன்னால், சாலையில் ஓடும் இன்ஜினில் ஆயில் அழுத்தம் பொதுவாக 30-க்கு மேல் இருக்கும். விளக்கு எரிவது ஏறக்குறைய 5-க்குப் பக்கத்தில் வந்த பிறகுதான். அதாவது, அது எரியும்போது விஷயம் ஏற்கெனவே கைமீறத் தொடங்கியிருக்கும்.

வளைவில் மட்டும் மினுக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் துப்பு இருக்கிறது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் ஆயில் குறைந்திருந்தால், வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் இருப்பது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். உறிஞ்சு குழாய் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். நேர் சாலைக்கு வந்ததும் ஆயில் திரும்ப, விளக்கு அணைந்துவிடும். அணைந்துவிட்டது என்பதால் கேடு நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜின்களை என் பட்டறையில் பிரித்திருக்கிறேன். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கில் வெள்ளி நிற மேல்பூச்சு வழித்தெடுக்கப்பட்டு, அடியிலுள்ள செம்பு நிறம் பல்லிளிக்கும். வடித்த ஆயிலை வெயிலில் பார்த்தால் உலோகத் தூள் மினுமினுக்கும். அந்த நிலைக்கு வந்த இன்ஜினுக்கு ஆயில் ஊற்றிப் பயனில்லை.

அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? ஓரம் கட்ட இடம் கிடைத்த முதல் நேர்ப்பகுதியில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அதன்பிறகு இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள். இரவில் வரும் பைக்காரருக்கு அது எமன். ஐந்து பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நின்றால்தான் அளவு சரியாகத் தெரியும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர் அளவே வித்தியாசம். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் அதே தரத்து ஆயிலை ஊற்றி, விளக்கு முழுவதுமாக அணைந்தால் மட்டும் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டினாலோ, அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தாலோ, இன்ஜினைத் தொடாமல் இழுவை வண்டியை அழையுங்கள்.

"சென்சார்தான்" என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதை நிரூபிக்க வழி இருக்கிறது. ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அளந்து காட்டாமல் சென்சார் என்று சொல்பவரை நம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஆயில் எங்கே போனது, கசிகிறதா, எரிகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். மினுக்கலுக்குப் பிறகும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால், இன்றே நிறுத்துங்கள்.

சிவப்பில் எரியும் டெம்பரேச்சர் விளக்குக்கும் இதே அவசரம்தான். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். உள்ளே நூறு டிகிரிக்கு மேல் சூடான கூலன்ட் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.

கேள்வி: மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினார், அணைந்துவிட்டது. சில நாட்களில் மறுபடி எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: விடக் கூடாது, பதறவும் வேண்டாம். அவர் அணைத்தது விளக்கை மட்டும்தான். கோளாறு எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்பும் சேர்ந்து அழிந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால் சில நிமிடங்களில் கோளாறைக் குறிக்கும் எண் வந்துவிடும். அந்த எண்ணை உங்கள் கையால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே அழிக்கச் சொல்லுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை மெக்கானிக் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண் வந்ததும் பாகத்தை மாற்றச் சொல்பவர் அந்தத் தேடலைச் செய்யவில்லை.

இந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். மாற்றச் செலவு உங்களை உலுக்கிவிடும். அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஓரம் கட்டிவிடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, இந்த விளக்குகள் எரிந்து காட்ட வேண்டும். இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ அதை வேண்டுமென்றே துண்டித்திருக்கலாம். அந்தக் காரை விட்டு விலகுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு டீசல் கார் வாங்கினேன், பி.எஸ். 6. கோயிலுக்கும் பேத்தியின் பள்ளிக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. – வாசகர், சென்னை அடையாறு

பதில்: ஐயா, உங்கள் காரில் கோளாறு இல்லை, உங்கள் பயணம் அதற்குப் போதவில்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானதோடு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டியும் வந்துவிட்டது. சேர்ந்த கரியை ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துக்கொள்ளும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் பயணத்தில் அந்தச் சூடு ஏறுவதில்லை.

விளக்கு எரிந்த அன்றோ மறுநாளோ, அதிகாலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வாருங்கள். ஒரு கியர் குறைத்து, 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். நிறுத்தும்போது ஃபேன் இரைந்து ஓடிக்கொண்டிருந்தால் எரிப்பு இன்னும் முடியவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். மாதம் ஒரு முறை ஆயில் அளவையும் பாருங்கள். பாதியில் நின்ற எரிப்புகளால் டீசல், இன்ஜின் ஆயிலோடு கலந்து, அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறும். ஏறியிருந்தால் ஆயிலை மாற்ற வேண்டும். டி.பி.எஃப்.பையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்; அந்தக் கரி உங்கள் பேத்தியின் பள்ளி வாசலில்தான் போய் இறங்கும். அடுத்த கார் பெட்ரோலாக இருக்கட்டும்.

கேள்வி: புது சீட் கவர் போட்ட நாளிலிருந்து ஏர்பேக் விளக்கு அணையவில்லை. அம்மா எப்போதும் முன் இருக்கையில்தான் வருவார். – வாசகர், திருச்சி

பதில்: முன் இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருக்கும். கவரைக் கட்டும்போது அது தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே கைவிட்டு இழுத்துப் பார்க்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் பேட்டரியைத் துண்டித்துவிட்டுப் பார்க்கட்டும். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார் என்றால், அதை மூடும் கவரே கூடாது, கழற்றிவிடுங்கள். இந்த விளக்கு எரியும்போது மோதல் நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம். சரிசெய்யும் வரை அம்மாவைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள்.