அதிபர் கையெழுத்துப் போட்டால் சட்டமாகிவிடுமா? அமெரிக்க அரசியல் சாசனம்: கேள்வி பதில்

அமெரிக்க அரசியல் சாசனத்தின் அடிப்படைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் இன்றைய செய்திகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. அவற்றுக்கும் வேர் 1787-இல்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சட்டக் கல்லூரி மாணவி, கோவை: சார், சுதந்திரப் பிரகடனம் 1776-இல். சாசனம் எழுதியது 1787-இல். நடுவில் 11 வருஷம் எதை வைத்து ஆட்சி நடந்தது?

முதல் சில வருஷங்கள் போர்க்கால ஏற்பாடுதான். 1781 மார்ச்சில் 'கூட்டமைப்பு விதிகள்' நடைமுறைக்கு வந்தன. பெயருக்குத்தான் மத்திய அரசு. அதிபர் கிடையாது, தேசிய அளவில் நீதித்துறை கிடையாது, காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, வரி போடும் அதிகாரமும் கிடையாது. "உங்கள் பங்கு இவ்வளவு, அனுப்பி வையுங்கள்" என்று 13 மாநிலங்களுக்கும் எழுதும். அனுப்ப மனசிருப்பவர்கள் அனுப்புவார்கள். போர்க்கடன் கழுத்தை நெரிக்க, இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி போட்டுக்கொள்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தது. விதியைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். பரப்பளவில் மிகச் சிறிய ரோட் ஐலண்ட் மாட்டேன் என்றது. அத்தோடு சரி.

அப்புறம் 1786-இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி விவசாயிகள் கிளம்பினார்கள். மாநில அரசு வரியை ரொக்கமாகக் கேட்டது, கடன் கொடுத்தவர்களும் ரொக்கமாகக் கேட்டார்கள். கிராமத்தில் ரொக்கத்துக்கு எங்கே போவது? கோர்ட் கூடினால்தானே ஜப்தி உத்தரவு வரும் என்று, கோர்ட்டையே கூடவிடாமல் மறித்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். 1787 ஜனவரி 25-ஆம் தேதி ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி வந்தவர்கள்மேல் மாநிலப் படை பீரங்கியால் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். இதில் காங்கிரஸ் எங்கே என்று கேட்கிறீர்களா? படை திரட்டக் கையில் காசில்லை. பாஸ்டன் வியாபாரிகள் தங்களுக்குள் பணம் வசூலித்துக் கொடுத்த பிறகுதான் பெரிய படை ஒன்று புறப்பட்டது.

நான்கு மாதம் கழித்து பிலடெல்பியாவில் மாநாடு கூடியது. வந்தவர்கள் மனதில் இரண்டு பயங்கள் இருந்தன. அரசு இப்படிக் கையாலாகாமல் இருந்தால் நாடு சிதறிவிடும். பலமாக்கினால், விரட்டியடித்த பிரிட்டிஷ் மன்னர் வேறு உருவில் திரும்ப வந்துவிடுவார். அந்தச் சாசனத்தில் எந்தப் பிரிவைப் படித்தாலும் இந்த இரண்டு பயங்களும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பது தெரியும்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், திருச்சி: அவர்கள் போனது பழைய விதிகளைத் திருத்தத்தானே? புதிதாக எழுத யார் அதிகாரம் கொடுத்தது?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. யாரும் கொடுக்கவில்லை. விதிகளைத் திருத்தும் ஒரே நோக்கத்துக்காக என்றுதான் 1787 பிப்ரவரியில் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. இவர்களோ கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, கொளுத்தும் கோடையில் முழுசாகப் புதியது ஒன்றை எழுதினார்கள். 13 மாநிலங்களின் சம்மதம் வேண்டும் என்பதையும் தூக்கிப்போட்டு, 9 போதும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். பழைய சட்டப்படி பார்த்தால் இது அத்துமீறல்தான்.

மாநிலச் சட்டசபைகளைக் கேட்காமல், இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த மாநாடுகளின் ஒப்புதலைக் கேட்டோம், மக்களே மேலான அதிகாரம் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அதில் உண்மையும் இருக்கிறது. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூனில் ஒப்புக்கொண்டது. ரோட் ஐலண்ட் மாநாட்டுக்கே ஆள் அனுப்பவில்லை. அதை வெளிநாடு மாதிரி நடத்தி வர்த்தகத்தை நிறுத்தும் மசோதா மேல்சபையான செனட்டில் நிறைவேறிய பிறகுதான், 1790 மே மாதம், 34-க்கு 32 என்ற கணக்கில் வேண்டாவெறுப்பாக உள்ளே வந்தது.

ஐ.டி. ஊழியர், நியூஜெர்சி: கலிபோர்னியாவுக்கும் 2 செனட்டர், வயோமிங்குக்கும் 2 செனட்டர். இது என்ன நியாயம் அண்ணா?

நியாயம் இல்லை தம்பி, பேரம். பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன. சின்ன மாநிலங்கள், சமமாகக் கொடுக்காவிட்டால் எழுந்து போய்விடுவோம் என்றன. ஜூலை 16-ஆம் தேதி, கீழ்ச்சபை மக்கள்தொகைப்படி, செனட் சமமாக என்று முடிவானது. அதுவும் 5-க்கு 4 மாநிலங்கள் என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில். மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றதால் அவர்கள் வாக்கு எந்தப் பக்கமும் சேரவில்லை.

அன்றைக்கு மக்கள்தொகையில் மிகப் பெரிய வர்ஜீனியாவுக்கும் மிகச் சிறிய டெலவேருக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 12 மடங்கு. 2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியா 3.95 கோடி, வயோமிங் 5.77 லட்சம். 68 மடங்கு! மாற்றலாமே என்றால், ஒரு மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் செனட்டில் அதன் சம உரிமையைப் பறிக்க முடியாது என்று திருத்தப் பிரிவிலேயே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வயோமிங் ஏன் சம்மதிக்கப் போகிறது?

வங்கி ஊழியர், சென்னை: அதிபர் ஒரு நிர்வாக உத்தரவில் கையெழுத்துப் போட்டால் அது சட்டம்தானே? டிவியில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

டிவியில் பேனாவைத்தான் காட்டுவார்கள். நிர்வாக உத்தரவு என்பது அதிபர் தன் கீழுள்ள துறைகளுக்கு இடும் கட்டளை. அதற்குப் பின்னால் சாசனம் தந்த அதிகாரமோ காங்கிரஸ் இயற்றிய சட்டமோ இருக்க வேண்டும்.

இதற்கு 1952-இல் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. கொரியப் போர் நடக்கிறது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கிறார்கள். எஃகு நின்றால் ஆயுதம் நிற்கும். அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8-ஆம் தேதி ஒரே உத்தரவில் நாட்டின் முக்கிய எஃகு ஆலைகளை அரசு வசம் எடுத்தார். முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். எட்டு வாரத்துக்குள் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று உத்தரவை ரத்து செய்தது. ஒன்பது நீதிபதிகளுமே ட்ரூமனும் அவர் கட்சிக்காரரான ரூஸ்வெல்ட்டும் நியமித்தவர்கள். ட்ரூமன் தானே நியமித்த நால்வரில் இருவர் அவருக்கு எதிராக எழுதினார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

நீதிபதி ஜாக்சன் அந்த வழக்கில் சொன்ன அளவுகோல்தான் இன்றும் பேசப்படுகிறது. காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தோடு அதிபர் செயல்படும்போது அவர் பலம் உச்சத்தில். காங்கிரஸ் வாய் திறக்காத விஷயத்தில் மங்கலான நிலை. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் பலம் அடிமட்டத்தில். அடுத்த முறை டிவியில் பேனாவைப் பார்க்கும்போது இது எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

அதே சட்டக் கல்லூரி மாணவி: சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு எந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது?

நேரடியாக எந்தப் பிரிவும் இல்லை. 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதை நிலைநாட்டினார். அதிபர் ஆடம்ஸ் பதவியிலிருந்து போகும் கடைசி நேரத்தில் கையெழுத்திட்ட ஒரு நியமன ஆணை, மார்பரியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. புது அதிபர் ஜெபர்சன் அதைக் கொடுக்க வேண்டாம் என்றார். மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். மார்ஷல் சொன்னது: உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் இப்படி நேராக இங்கே வழக்குப் போட வழி தந்த சட்டமே சாசனத்துக்கு முரண், அதனால் அது செல்லாது. சின்ன அதிகாரம் ஒன்றை விட்டுக்கொடுத்துப் பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆணையை அனுப்பாமல் கோட்டைவிட்ட அன்றைய வெளியுறவுச் செயலர் யார் தெரியுமா? இதே மார்ஷல்! இன்றைக்கென்றால் அந்த வழக்கை அவர் தொடவே முடியாது.

காங்கிரஸின் சட்டம் ஒன்றை அடுத்ததாக ரத்து செய்தது 1857-இல், ட்ரெட் ஸ்காட் வழக்கில். புதுப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை, கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்ற தீர்ப்பு. நீதிமன்றம் என்றாலே காவல் தெய்வம் என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர் வேண்டாம் என்றவர்: அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதிய காகிதத்துக்கு ஏன் இவ்வளவு பாராட்டு?

பாராட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்த 55 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். கீழ்ச்சபை இடங்களைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். ஓட்டுப் போட முடியாதவர்களின் தலையை எண்ணித் தெற்கு மாநிலங்கள் கூடுதல் இடம் வாங்கின. அதிபர் தேர்தலிலும் அந்தக் கணக்கே எதிரொலித்தது. அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடை செய்யக் கூடாது என்றும் எழுதினார்கள். தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க ஒரு பிரிவு வேறு. இவ்வளவையும் செய்துவிட்டு, 'அடிமை' என்ற சொல் மட்டும் ஆவணத்தில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கூச்சம் இருந்திருக்கிறது, நிறுத்தும் அளவுக்கு இல்லை.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமை முறையை ஒழிக்கவும் கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் தரவும் வந்த 13, 14, 15-ஆம் திருத்தங்களை இரண்டாவது சாசனம் என்றே சிலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். அதுவரை உரிமைகள் மசோதா, அதாவது முதல் பத்துத் திருத்தங்கள், மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் சட்டம். 1833-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. மாநில அரசு உங்கள் வாயை அடைத்தால் பேச்சுரிமையைக் காக்கும் முதலாம் திருத்தம் உதவிக்கு வராது. 1868-இல் வந்த 14-ஆம் திருத்தம்தான் வழி திறந்தது. அதுவும் உடனே அல்ல, 20-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு வழக்காக.

எச்1பி விசாவில் இருப்பவர், டெக்ஸாஸ்: இந்த உரிமைகள் எல்லாம் குடிமக்களுக்கு மட்டுமா சார்? கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எங்களுக்கு?

ஓட்டு, தேர்தலில் நிற்பது போன்றவை குடிமக்களுக்கு. ஆனால் 14-ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு எந்த ஒரு 'நபருக்கும்' உண்டு. இதை நிலைநாட்டியது ஒரு சலவைக் கடை.

சான் பிரான்சிஸ்கோவில் 1880-இல் ஒரு நகர விதி போட்டார்கள். செங்கல் அல்லது கல் கட்டடத்தில் இல்லாத சலவைக் கடைக்கு நகர மேற்பார்வையாளர் குழுவின் அனுமதி வேண்டும். படிக்கும்போது தீ விபத்துத் தடுப்பு போலத்தான் தெரியும். நகரத்தில் சுமார் 320 சலவைக் கடைகள், அவற்றில் 310 மரக் கட்டடங்கள். சீனர்கள் 200 பேர் அனுமதி கேட்டார்கள், ஒருவருக்கும் இல்லை. மற்றவர்கள் 80 பேருக்குக் கிடைத்தது. யிக் வோ என்ற கடையை அதே இடத்தில் 22 வருஷமாக நடத்தியவர், தீயணைப்பு அதிகாரிகளின் சான்றிதழும் கையில் வைத்திருந்தவர், 10 டாலர் அபராதம் கட்டாததால் சிறைக்குப் போனார். 1886-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரை விடுவித்தது. எழுத்தில் நடுநிலையாக இருந்தாலும் அமல்படுத்துவதில் ஓரவஞ்சனை இருந்தால் அதுவும் சமத்துவ மீறல், குடிமகன் அல்லாதவருக்கும் இது பொருந்தும் என்றது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை போட்டிருந்த காலம் அது!

ஒரு எச்சரிக்கை. யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதில் அரசுக்கு மிகப் பரந்த அதிகாரம் இருக்கிறது. விசா விவகாரத்துக்கு இந்தத் தீர்ப்பை நம்பி உட்காராதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

இதே 14-ஆம் திருத்தத்தின் 'உரிய சட்ட நடைமுறை', அதாவது உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கும் முன் நியாயமான நடைமுறை வேண்டும் என்ற விதி, இந்தியச் சாசனத்துக்குள்ளும் வர இருந்தது. வரைவுக்கு ஆலோசகராக இருந்த பி. என். ராவ் 1947-இல் அமெரிக்கா போனபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்ஃபர்ட்டர் அதை வைக்க வேண்டாம் என்று அறிவுரை சொன்னார். நீதிபதிகளுக்கு அளவு மீறிய அதிகாரம் போய்விடும் என்பது அவர் கவலை. நம் 21-ஆம் பிரிவு 'சட்டம் நிறுவிய நடைமுறை' என்று அமைந்ததில் அந்தச் சந்திப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, வாசலில் நிறுத்தியதைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துக்கொண்டது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை: எத்தனை திருத்தங்கள்? ஏன் இவ்வளவு குறைவு?

27. குறைவுக்குக் காரணம், ஒரு திருத்தத்துக்குக் காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது இன்று 38, சம்மதிக்க வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றிய 27-ஆம் திருத்தம், சாசனத்தை எழுதியவர்களில் ஒருவரான மேடிசன் 1789-இல் கொண்டுவந்தவற்றில் ஒன்று. நிறைவேறியது 1992-இல். டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1982-இல் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதி 'சி' மதிப்பெண் வாங்கினார். விடாமல் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியே அதைச் சாசனத்தில் சேர்க்க வைத்தார்.

பெங்களூர் வாசகர்: அதிபர் தன்னைத்தானே மன்னித்துக்கொள்ளலாமா?

எந்த நீதிமன்றமும் இதுவரை தீர்ப்புச் சொல்லவில்லை. 1974-இல் அதிபர் நிக்சன் ராஜினாமா செய்வதற்கு நான்கு நாள் முன்பு, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்பதால் கூடாது என்று நீதித்துறை அமைச்சகத்தின் சட்ட அலுவலகம் கருத்துச் சொன்னது. அது கருத்துதான், தீர்ப்பு அல்ல. மாநிலச் சட்டப்படியான குற்றங்களுக்கு அதிபரின் மன்னிப்பு எப்படியும் செல்லாது.

அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவைப் பற்றி ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அது நீளும், அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வோம்.