பேலியோவில் எடை குறைந்தது, ரிப்போர்ட் பயமுறுத்துகிறது

கேள்வி: எனக்கு வயது 47. ஏழு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிபிக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். மூன்று மாதமாக, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறையில் இருக்கிறேன். 9 கிலோ குறைந்துவிட்டது. எச்பிஏ1சி 8.4-லிருந்து 6.7 ஆகியிருக்கிறது. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 124, கெட்ட கொலஸ்ட்ரால் எனும் எல்டிஎல் 172 (முன்பு 118), யூரிக் ஆசிட் 7.9, சிறுநீரில் கீட்டோன் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அன்று காலை வெண்ணெய் டீ மட்டும் குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தேன். சில நாள் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. பழகும்வரை அப்படித்தான் என்கிறார்கள். திட்டுவார் என்று என் டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. என் மனைவியும் என்னோடு இதையே சாப்பிடுகிறார். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறார். அவரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: ரிப்போர்ட்டில் இருக்கும் எந்த எண்ணையும்விட, கை நடுங்கி வியர்க்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. அது தாழ்சர்க்கரையாக, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் இட்லி சாப்பிட்டாலும் முட்டை சாப்பிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இப்போதைய டோஸ், நீங்கள் வேளாவேளைக்குச் சோறு சாப்பிட்ட காலத்தில் எழுதியது.

அடுத்த முறை நடுங்கும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டயட் கெட்டுவிடும் என்று பாதாமோ வெண்ணெயோ சாப்பிட்டால் அந்த நேரத்துக்கு உதவாது. மீட்டர் கையில் இல்லாவிட்டால் முதலில் சர்க்கரையைக் குடியுங்கள். நடுக்கம் வந்தபின் வண்டி ஓட்டாதீர்கள்.

இன்றைக்கே உங்கள் டாக்டருக்கு போன் செய்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். கிளிமிபிரைடை அவர் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். மெட்ஃபார்மின் தனியாகத் தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. எடை குறையும்போது பிபியும் இறங்கும். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் டெல்மிசார்டன் அளவையும் பார்க்க வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டயட் விஷயம் தெரியாமல் அவர் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையைச் சேர்த்துவிட்டால், மாவுச்சத்து குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. வாந்தியும் மூச்சு வாங்குவதுமாக ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலை ஆகிவிடும்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். மாவுச்சத்தைக் குறைத்தால் உடல் கொழுப்பை எரிக்கும், கீட்டோன் வரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் இல்லாதவரை அதற்குப் பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை காலையில் கொஞ்சம் கூடித் தெரிவதும் இந்த உணவுமுறையில் பலருக்கு உண்டு. எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அது நன்றாக இறங்கியிருக்கிறது. யூரிக் ஆசிட் ஆரம்ப மாதங்களில் ஏறுவதற்குக் காரணம், அது சிறுநீரில் வெளியேறும் வழியில் கீட்டோனும் போட்டிக்கு நிற்பதுதான். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். கால் பெருவிரல் வீங்கி வலித்தாலோ, முன்பே சிறுநீரகக் கல் வந்திருந்தாலோ கதை வேறு. அப்படிக் கல் வந்தவர், பேலியோவில் பலர் செய்வதுபோல், தினமும் நூறு பாதாம் சாப்பிடக் கூடாது. கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதில் அதிகம்.

எல்டிஎல் விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாகப் பேச மாட்டேன். வெண்ணெய் டீ குடித்துவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவு சரியாக வராது. பல லேப்களில் எல்டிஎல்லை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் 10 முதல் 12 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து, ஒருமுறை திரும்ப எடுங்கள். வேகமாக எடை குறையும் நாட்களில் எல்டிஎல் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. ஆனால் ‘பேலியோவில் கொலஸ்ட்ரால் ஏறினால் நல்லதுதான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு, எல்டிஎல் ஏறாவிட்டாலும்கூட, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நாங்கள் பொதுவாகப் பரிந்துரைக்கிறோம். உங்களுக்கு பிபியும் இருக்கிறது. வெண்ணெய், பனீர், தேங்காய் எண்ணெயைக் குறைத்து மத்தி மீன், நல்லெண்ணெய், கீரை, காய் பக்கம் வாருங்கள். தைராய்டுக்கான டிஎஸ்எச் டெஸ்ட்டும் பாருங்கள், தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். ஆறு வாரத்தில் இறங்கவில்லை என்றால் ஸ்டாட்டின் மாத்திரையை மேலும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் இரண்டு பரிசோதனைகளை உங்கள் கடிதத்தில் காணோம். ஒன்று, சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம். சிறுநீரகப் பாதிப்பை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியத்தையும் சேர்த்துப் பாருங்கள், முந்தின இரவு மட்டன் வேண்டாம். இன்னொன்று, கண் பாப்பாவை விரித்துப் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனை. நீண்ட நாள் கூடுதலாக இருந்த சர்க்கரை சட்டென்று இறங்கும்போது, ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மனைவிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு, லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), எச்பிஏ1சி போதும். ரத்தசோகை இருந்தால் அவருடைய எச்பிஏ1சி தவறாகக் கூடிக் காட்டலாம். பயோட்டினை ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். பல லேப்களில் அது தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்பிவிடும். வேகமாக எடை குறைந்தால் மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது சகஜம், புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். அவர் கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ, இந்த உணவுமுறையைத் தொடரும் முன் மகப்பேறு மருத்துவரிடம் கேட்கட்டும்.