குளிப்பாட்டிய மறுநாள் நாயின் கண் வீங்கியிருந்தால் என்ன செய்வது?

உங்கள் பக் நாய் நேற்று குளித்ததிலிருந்து ஒரு கண்ணைத் திறக்காமல், இமை வீங்கி, நீர் வடிய இருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ஷாம்பு கண்ணுக்குள் போயிருக்கும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஷாம்புகளில் பலவற்றில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி இருக்கும். அது கருவிழியையே புண்ணாக்கக்கூடியது. பக், ஷிட்ஸூ மாதிரி கண் துருத்திய நாய்களுக்குத் துண்டு உரசினாலே கீறல் விழும்.

மெடிக்கலில் கிடைக்கும் 0.9% நார்மல் சலைனால் கண்ணை மெதுவாகக் கழுவுங்கள். ஷாம்பு பட்ட உடனே என்றால் 10-15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். காலால் தேய்க்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு வடிவக் காலர் மாட்டுங்கள்.

தயவுசெய்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அதில் இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் ஆழமாகிப் பார்வையே போகலாம்.

கண்ணை மூடியே வைத்திருப்பது வலியின் அடையாளம். அதனால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளோரசீன் சாயம் விட்டு நீல ஒளியில் பார்ப்பார், புண் இருந்தால் பச்சையாகத் தெரியும். முகம் முழுக்க வீங்கினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

இனி முகத்துக்கு ஷாம்பு வேண்டாம், ஈரத்துணியே போதும்.