இரண்டுமே எஃப்/1.8தான், ஆனால்...

கேள்வி: என் செல்போன் கேமராவிலும் எஃப்/1.8 என்றுதான் இருக்கிறது, நண்பரின் 50 மி.மீ. லென்ஸிலும் அதேதான். அவர் எடுத்தால் முகம் பளிச்சென்று விழுந்து பின்னணி கரைந்துபோகிறது. நான் எடுத்தால் பின்னால் இருக்கும் செடியில் இலையை எண்ணலாம். ஏன்?

பதில்: எண் ஒன்றுதான், ஓட்டை ஒன்றல்ல. லென்ஸின் குவியத் தூரத்தை (வெகு தூரத்திலிருந்து வரும் ஒளி லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிச் சேர்கிறதோ அது) அபெர்ச்சரின், அதாவது ஒளி உள்ளே புகும் ஓட்டையின், விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். நண்பருடையதில் 50ஐ 1.8ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 28 மி.மீ., கட்டைவிரலே நுழையும். உங்கள் போன் லென்ஸின் நிஜமான குவியத் தூரம் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் (விளம்பரத்தில் போடும் 24, 26 எல்லாம் பெரிய கேமராவுக்கு ஈடாகச் சொல்லும் கணக்கு) ஓட்டை 3.3 மி.மீ.தான்.

சரி, அதனால் என்ன? ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸ் முழுக்க விழுந்து, உள்ளே கூம்பாகக் குறுகி மறுபடி ஒரு புள்ளியில் சேர்கிறது. அந்த இடத்தில் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் இருந்தால் துல்லியம், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் பதிவாகும். 50 மி.மீ. லென்ஸில் தூரத்து மலையின் ஒளி 50 மி.மீ.யிலேயே சேர்ந்துவிடும், 1 மீட்டரில் நிற்பவருடையது 52.6இல்தான் சேரும். ஃபோகஸ் செய்வதென்றால் இந்த இரண்டரை மி.மீ. சொச்சம் லென்ஸை நகர்த்துவதுதான். கறாராகப் பார்த்தால் ஒரே ஒரு தூரம் மட்டுமே ஃபோகஸில் இருக்கும். மற்றதெல்லாம் நம் கண் விட்டுக்கொடுப்பது: வட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருக்கும்வரை அதையும் புள்ளி என்றே எடுத்துக்கொள்கிறோம். அப்படித் தேறும் தூரம்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு.

ஓட்டை பெரிதானால் கூம்பு அகலமாகிவிடும், சற்று விலகினாலும் வட்டம் பெருத்துவிடும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ளது) 50 மி.மீ. லென்ஸை 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் எஃப்/1.8இல் தேறுவது சுமார் 17 செ.மீ., எஃப்/8இல் 78 செ.மீ. உங்கள் போனிலோ, குட்டி சென்சாரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட, சுமார் 1.1 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை எல்லாமே தெளிவுதான். செடி எங்கே தப்பிக்கும்!

போனிலேயே நிஜமான மங்கல் வேண்டுமென்றால் கிட்டே போங்கள், ஒரு பூவை 10 செ.மீ.யில் வைத்து எடுத்தால் பின்னணி தானாகக் கரையும். போர்ட்ரெயிட் மோட் செய்வது மென்பொருள் வேலை, நெற்றியோரத்து முடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல சமயம் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் இதே சங்கதிதானா?

பதில்: அதேதான். இமை ஓட்டையைக் குறுக்குகிறது, விழித்திரையில் விழும் வட்டம் சிறிதாகிறது. ஆனால் ரொம்பவும் குறுக்கினால் ஒளி ஓரத்தில் வளைந்து பரவி மொத்தமும் மங்கும், கேமராவில் பலரும் எஃப்/22 வரை போகாமல் 8, 11இல் நிறுத்திக்கொள்வது அதனால்தான்.