எடைக்குறைப்பு மருந்துக்கு அலுவலகக் காப்பீடு மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வயது 43, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 172 பவுண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். மருத்துவர் எடைக்குறைப்புக்காக ஸெப்பவுண்ட் ஊசி எழுதிக்கொடுத்தார். காப்பீடு ஏற்கவில்லை என்று மருந்துக் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டால் ‘உங்கள் அலுவலகத்தின் முடிவு’ என்கிறார்கள். மனிதவளத் துறையைக் கேட்டால் ‘காப்பீட்டு நிறுவனத்தின் முடிவு’ என்கிறார்கள். நான் யாரிடம் போவது?

பதில்: யாரிடம் போவது என்பது, உங்களுக்குக் கிடைத்திருப்பது எந்த வகை மறுப்பு என்பதைப் பொறுத்தது. மருந்துக் கடையில் ‘காப்பீடு ஏற்கவில்லை’ என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் உங்கள் காதில் விழும். உண்மையில் அதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்: முன் அனுமதி (மருந்துக்குப் பணம் தர, மருத்துவர் திட்டத்திடம் முன்கூட்டியே பெற வேண்டிய ஒப்புதல்) கேட்கப்படாமலோ நிராகரிக்கப்பட்டோ இருக்கலாம், அந்த மருந்து திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், அல்லது எடைக்குறைப்பு மருந்துகள் அனைத்தையுமே உங்கள் திட்டம் விலக்கிவைத்திருக்கலாம். மூன்றுக்கும் வழி தனித்தனி. இது தெரியாமல் மேல்முறையீடு எழுதுகிறவர்கள் பல வாரங்களை வீணாக்கிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். ஆகவே, காப்பீட்டு அட்டையின் பின்புறம் மருந்துக் காப்பீட்டுக்கென்று தனியாக அச்சிடப்பட்டுள்ள எண்ணை அழைத்து, மறுப்புக்கான காரணத்தை எழுத்து வடிவில் அனுப்பும்படி கேளுங்கள்.

அடுத்ததாக, உங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். அமெரிக்காவில் அலுவலகக் காப்பீடு பெற்றவர்களில் பெரும்பாலோர் நிறுவனமே தன் பணத்திலிருந்து மருத்துவச் செலவை ஏற்கும் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். அட்டையில் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், அது கணக்கு வழக்கை மட்டுமே பார்த்துக்கொள்ளும். எதற்குப் பணம் தருவது என்பதை உங்கள் நிறுவனமே தீர்மானிக்கும். இத்தகைய திட்டங்கள் 1974ஆம் ஆண்டின் எரிசா என்னும் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ், தொழிலாளர் துறையின் மேற்பார்வையில் வருகின்றன; மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் முறையிட்டுப் பெரிய பயன் இருக்காது. நிறுவனம் காப்பீட்டை முழுமையாக விலைக்கு வாங்கியிருந்தால் மட்டுமே மாநில விதிகள் பொருந்தும்.

முன் அனுமதிதான் காரணம் என்றால், உங்கள் நிலை நம்பிக்கை தரக்கூடியது. நீங்கள் தந்த அளவுகளின்படி உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண்) சுமார் 28.6. ஸெப்பவுண்ட், அதைப் போன்ற இன்னொரு எடைக்குறைப்பு மருந்தான வெகோவி இரண்டுக்குமே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தந்துள்ள ஒப்புதலின்படி, பெரியவர்களுக்குப் பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 27 அல்லது அதற்கு மேல் இருந்தால், எடையோடு தொடர்புடைய ஒரு நோயாவது உடன் இருக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் அத்தகைய நோய்தான். தெற்காசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆசிய வம்சாவளியினருக்குப் பிஎம்ஐ 23இலேயே பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. ஆனால் இந்த மருந்துகளின் ஒப்புதலில் ஆசியர்களுக்கெனத் தனி அளவு இல்லாததால், அந்த வாதத்தை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். உங்களுடைய வலுவான ஆதாரம் இரத்த அழுத்தமே.

நடைமுறையில் இத்தகைய விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் நோயாளிக்குத் தகுதி இல்லாததால் அல்ல. மருத்துவமனையிலிருந்து போன படிவத்தில் பாதித் தகவல் இல்லாததால்தான். மருத்துவரின் கடிதத்தில் மருந்து தொடங்குவதற்கு முன் தேதியோடு எடுக்கப்பட்ட உயரம், எடை, பிஎம்ஐ; இரத்த அழுத்த அளவுகளும் மாத்திரையின் பெயரும்; இதுவரை மேற்கொண்ட உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆகியவற்றின் கால அளவும் விளைவும்; முன்பு எடுத்த எடைக்குறைப்பு மருந்துகள் ஆகியவை இருக்க வேண்டும். பல திட்டங்கள் 3 முதல் 6 மாதங்கள் வரையிலான வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு ஆவணம் கேட்கும். ‘நோயாளி முயன்று பார்த்தார்’ என்ற ஒற்றை வரி போதாது; உணவியல் நிபுணரைச் சந்தித்த தேதிகள், செயலியில் பதிவான எடைகள் போன்றவற்றை நீங்களே திரட்டி மருத்துவரிடம் கொடுங்கள். 2024 அக்டோபர் முதல் உடல் பருமனை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கும் புதிய நோய்க் குறியீடுகள் (படிவத்தில் நோயைக் குறிக்கும் எண்கள்) நடைமுறையில் உள்ளன. உங்கள் பிஎம்ஐ 30க்குக் கீழே இருப்பதால், அதிக எடைக்கான குறியீடு, பிஎம்ஐ குறியீடு, உயர் இரத்த அழுத்தக் குறியீடு ஆகிய மூன்றும் படிவத்தில் இருக்கின்றனவா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தொடக்க எடையின் பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். அனுமதியைப் புதுப்பிக்கும்போது பல திட்டங்கள் அந்த எடையில் 5 சதவீதமாவது குறைந்திருக்கிறதா என்று பார்க்கின்றன.

மருந்துப் பட்டியல்தான் சிக்கல் என்றால், தீர்வு இன்னும் எளிதாக இருக்கலாம். 2025 ஜூலை 1 முதல், காப்பீட்டுத் திட்டங்களுக்காக மருந்துப் பட்டியலை நிர்வகிக்கும் நிறுவனமான சிவிஎஸ் கேர்மார்க் தன் பொதுவான பட்டியலிலிருந்து ஸெப்பவுண்டை நீக்கி, வெகோவியை முன்னிறுத்தியது. உங்கள் திட்டத்தின் மருந்துப் பகுதியைக் கேர்மார்க் நிர்வகித்தால், உங்களுக்கு வந்த மறுப்பு இதனாலேயே இருக்கலாம். வெகோவி உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே அதை எடுத்துப் பயன் தராமலோ ஒத்துக்கொள்ளாமலோ போயிருந்தால், அந்த விவரத்தோடு பட்டியல் விதிவிலக்குக் கோரலாம்.

கடினமானது மூன்றாவது வகை. திட்டமே எடைக்குறைப்பு மருந்துகளை விலக்கியிருந்தால், மருத்துவர் எவ்வளவு நல்ல கடிதம் எழுதினாலும் மேல்முறையீடு பெரும்பாலும் நிற்காது. திட்ட விவரக் கையேட்டையும் முழுத் திட்ட ஆவணத்தையும் திட்ட நிர்வாகியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். எரிசாவின்படி 30 நாட்களுக்குள் அவர் தர வேண்டும். விலக்கு வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ‘எடைக்குறைப்புக்காகத் தரப்படும் மருந்துகள்’ என்று நோக்கத்தை வைத்து எழுதியிருந்தால், அதே மருந்து வேறு நோய்க்கு எழுதப்படும்போது வழி திறக்கக்கூடும். வெகோவிக்கு 2024 மார்ச்சில், இதயநோய் உள்ள அதிக எடையினருக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் குறைக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஸெப்பவுண்டுக்கு 2024 டிசம்பரில், உடல் பருமன் உள்ளவர்களின் மிதமான அல்லது தீவிரமான உறக்க மூச்சுத்தடைக்கு ஒப்புதல் கிடைத்தது. நீங்கள் சொன்ன விவரங்களின்படி இவை இரண்டும் உங்களுக்குப் பொருந்தவில்லை. இரத்த அழுத்தம் மட்டும் இதயநோய் ஆகாது. இல்லாத நீரிழிவைப் படிவத்தில் காட்டி, நீரிழிவு மருந்தான ஓசெம்பிக் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது காப்பீட்டு மோசடி. அதோடு, உங்கள் மருத்துவப் பதிவில் ஏறிய தவறான நோய் பல ஆண்டுகள் உங்களைத் தொடரும்.

விலக்கை நீக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டு. மனிதவளத் துறையில் ஊழியர் காப்பீட்டைக் கவனிப்பவருக்கு எழுதுங்கள். உங்கள் உடல்நிலையை விவரிக்கத் தேவையில்லை; வரும் திட்ட ஆண்டில் இந்த மருந்துகளைச் சேர்க்கப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டால் போதும், சக ஊழியர்களும் தனித்தனியே கேட்டால் இன்னும் நல்லது. ஜனவரியில் தொடங்கும் திட்டங்களுக்கான முடிவுகள் பெரும்பாலும் கோடைக்காலத்திலேயே எடுக்கப்படுவதால், நவம்பரில் கேட்டால் அடுத்து வரும் ஜனவரித் திட்டத்துக்குப் பயன்படாது.

முதல் இரு வகை மறுப்புகளுக்கு மேல்முறையீடு செய்ய, மறுப்பு அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 180 நாட்கள் உண்டு. உங்கள் கோரிக்கைக் கோப்பின் நகலையும், மறுக்கப் பயன்படுத்திய மருத்துவ அளவுகோலையும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அந்த அளவுகோலின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லும்படி மேல்முறையீட்டை எழுதுங்கள். மருந்தை இன்னும் வாங்காத நிலையில் 30 நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். அதுவும் மறுப்பானால், மருத்துவத் தீர்ப்பு சார்ந்த மறுப்புகளுக்கு 4 மாதங்களுக்குள் சுயேச்சையான வெளி மறுஆய்வைக் கோரலாம். அந்த முடிவு திட்டத்தைக் கட்டுப்படுத்தும்.

இதற்கிடையில் சொந்தப் பணத்தில் வாங்க நேர்ந்தால், மருத்துவர் எழுதிய மருந்து என்பதால் எச்எஸ்ஏ அல்லது எஃப்எஸ்ஏ கணக்கிலிருந்து (மருத்துவச் செலவுக்கென வரியின்றிப் பணம் ஒதுக்கும் கணக்குகள்) செலுத்தலாம். இரு மருந்துகளையும் உற்பத்தியாளர்களே காப்பீடு இல்லாமல் வாங்குவோருக்குக் குறைந்த விலையில் நேரடியாக விற்கிறார்கள், அதையும் விசாரியுங்கள். உங்கள் வாழ்க்கைத்துணையும் வேலையில் இருந்தால், காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுப் பதிவுக் காலத்தில் அவருடைய அலுவலகத் திட்டத்தின் மருந்துப் பட்டியலையும் விலக்குப் பட்டியலையும் கேட்டு வாங்கி, மாதச் சந்தாவையும் முதலில் நீங்களே கட்ட வேண்டிய கழிவுத் தொகையையும் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.