இதய பலவீனமும் கூடவே வரும் நோய்களும்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு 78 வயது. இதயச் செயலிழப்புக்கு (இதய பலவீனத்துக்கு) மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்காக ஒரு வாரம் டைக்ளோஃபினாக் போட்டார். இப்போது கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது. அந்த மாத்திரைதான் காரணமா?

பெரும்பாலும் அதுதான். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சென், எடோரிகாக்சிப் எல்லாம் ஒரே குணம் கொண்டவை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்திருக்கும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பதை இவை தடுக்கின்றன. உடலில் உப்பும் நீரும் தேங்கும், நீர் மாத்திரை சரியாக வேலை செய்யாது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இதய மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் சில நாளிலேயே சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வயதானவர்களுக்கு வரும் ஆபத்துகளில் எளிதாகத் தவிர்க்கக்கூடியது இது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

மூட்டுவலிக்கு முதலில் பாராசிட்டமால், மருத்துவர் சொல்லும் அளவில். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை மட்டும் வேண்டாம்: 500 மி.கி. மாத்திரை ஒன்றிலேயே ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடைக் கருவியில் எடை பார்த்து எழுதிவையுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். வீக்கம் கண்ணில் படும்வரை காத்திருக்காமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

ராமிப்ரில் என்ற புது இதய மாத்திரை ஆரம்பித்த பின் அம்மாவின் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 1.1-லிருந்து 1.3 ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டியில் அழுத்தத்தைக் குறைப்பதால் தொடக்கத்தில் கிரியேட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். அம்மாவுக்கு ஏறியது 18 சதவீதம். இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பொட்டாசியம். பொட்டாசியத்தை உடலிலேயே தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் எடுக்கிறார் என்றால் அது 5.5-ஐத் தாண்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இவருக்கு அது ஆகாது.

வாந்தியோ பேதியோ வந்தால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். நீர் மாத்திரை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தரும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லக்கூடும்.

சர்க்கரை மாத்திரைகளில் எதைத் தவிர்க்க வேண்டும்?

பியோகிளிட்டசோன். உடலில் நீரைத் தேக்கும். சாக்ஸாகிளிப்டினும் வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சர்க்கரை, இதயம் இரண்டுக்குமே உதவும்.

ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாட்டிக்கு எந்நேரமும் அசதி. வயதாகிவிட்டதால்தானா?

வயதின் மேல் பழியைப் போடும் முன், உடலில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பாருங்கள். ரத்தசோகை இல்லாமலே இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். இதயச் செயலிழப்பில் ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தாலோ, 100 முதல் 299 வரை இருந்து செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ குறைபாடு என்று வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். இரும்பு மாத்திரை இவர்களுக்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. நரம்பு வழியாக ஏற்றுவதே உதவுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரானால், குடலில் ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுந்து நின்றால் தாத்தாவுக்குத் தலை சுற்றுகிறது. விழுந்துவிடுவாரோ என்று பயம். வெளியே போகும் நாளில் நீர் மாத்திரையையும் போடுவதில்லை.

5 நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, நின்ற 1-வது, 3-வது நிமிடங்களில் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், தூக்க மாத்திரை, அளவுக்கு மிஞ்சிய நீர் மாத்திரை என எதுவும் காரணமாகலாம். அதனால் எல்லா மருத்துவர்களும் எழுதிக்கொடுத்த மருந்துகளை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நீர் மாத்திரையை விடக் கூடாது, நேரத்தை மாற்றலாம். ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரையின் வேகம் பெரும்பாலும் 6 மணி நேரத்தில் அடங்கிவிடும். வெளியே போய் வந்த பிறகு, மாலை 4 மணிக்குள் போட்டால் இரவுத் தூக்கமும் கெடாது. இதை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.